அத்தியாயம் 6: ஏறி இறங்கும் லேப்டாப் விலை

ஜூன், ஜூலை மாதங்களில் கூடுவாஞ்சேரியில் பாதி வீடுகளில் லேப்டாப் பேச்சுதான். பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், வண்டலூர் பக்கத்துக் கல்லூரிகளில் பிள்ளையைச் சேர்த்து, முதல் தவணைக் கட்டணத்தையும் கட்டிக் கை காய்ந்திருக்கும் நேரம் அது. பரனூருக்கோ மறைமலைநகருக்கோ வேலைக்குப் போகிற அப்பா, மின்சார ரயிலில் நின்றபடியே போனில் விலை பார்க்கிறார். காலையில் 54,990 ரூபாய். மாலை வண்டியில் திரும்பும்போது 51,490. வீட்டில் கலந்து பேசிவிட்டு மறுநாள் பார்த்தால் 56,000. நேற்றே வாங்கியிருக்கலாமே என்ற எண்ணம் அவரைத் தூங்கவிடுவதில்லை. அந்த எண்ணம்தான் அடுத்த நாள் அவரை அவசரப்பட்டு வாங்கவும் வைக்கிறது.

விலை ஏன் ஆடுகிறது என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் குறையும். பெரிய விற்பனைத் தளங்கள் பெரும்பாலும் தாங்களே பொருளை விற்பதில்லை. 2018 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்டு 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்நிய முதலீட்டு விதிகளின்படி, அந்நிய முதலீடு உள்ள தளம் பொருளின் விலையை நேரடியாகவோ மறைமுகமாகவோ மாற்றக் கூடாது. விலையை வைப்பவர் அந்தத் தளத்தில் கடை போட்டிருக்கும் செல்லர். ஒரே லேப்டாப்பை நான்கைந்து செல்லர்கள் விற்கலாம். ஒருவர் விலையைக் குறைத்தால் மற்றவரின் மென்பொருள் அதைக் கண்டு தானும் குறைக்கும். குறைத்தவரிடம் சரக்குத் தீர்ந்ததும் விலை பழையபடி ஏறும். எந்தச் செல்லரின் விலை முதலில் கண்ணில் படும் என்பது பின்கோடைப் பொறுத்தும் மாறும். 603202 என்று கூடுவாஞ்சேரிப் பின்கோடைப் போட்டுப் பார்க்கும் விலையும், ஊரில் இருக்கும் சித்தப்பா தன் பின்கோடில் பார்த்துச் சொல்லும் விலையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆகவே விலை பார்க்கிறவர் முதலில் தன் பின்கோடைப் போட்டுவிட்டு, 'விற்பவர்' என்ற இடத்தில் இருக்கும் பெயரையும் பார்க்க வேண்டும்.

ஒரே நேரத்தில் ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு விலை காட்டுகிறார்களோ என்ற சந்தேகம் புதிதல்ல. 2000 செப்டம்பரில் அமெரிக்காவில் அமேசான் டிவிடிகளுக்கு வாடிக்கையாளர்களிடம் வெவ்வேறு விலை வாங்கியது வெளியே தெரிந்து பெரிய சர்ச்சையானது. அது சோதனைதான் என்று நிறுவனம் விளக்கம் சொல்லி, கூடுதலாகக் கொடுத்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. இந்தியாவில் 2020 ஜூலை 23 அன்று வெளியான நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், ஒரே வகையைச் சேர்ந்த நுகர்வோரிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்றும், நியாயமற்ற லாபத்துக்காக விலையைத் திரிக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. சந்தேகம் வந்தால் கணக்கிலிருந்து வெளியேறி, வேறொரு போனில் அதே பின்கோடைப் போட்டு அதே செல்லரின் விலையைப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இது அன்றாட ஆட்டம். இதற்கு அடியில் மாதக்கணக்கில் நகர்கிற இன்னொரு விலை இருக்கிறது. அதைத் தீர்மானிப்பவை டாலரும் உதிரி பாகங்களும். ஸ்ரீபெரும்புதூரில் டெல் 2007 முதலே ஆலை நடத்துகிறது. அதே ஊரில் ஃப்ளெக்ஸ் ஆலையில் எச்பி லேப்டாப்கள் தயாராகின்றன. கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரகடம் வழியாகப் போனால் எட்டிவிடுகிற தூரம். இவ்வளவு பக்கத்தில் தயாரானாலும் விலை உள்ளூர் விலையாகிவிடுவதில்லை. பிராசஸர், மெமரி, திரை எல்லாம் பெரும்பாலும் இறக்குமதி, டாலரில் வாங்குபவை. 2025 டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைத் தாண்டியது. அதே மாதம் மைக்ரான் நிறுவனம், சில்லறையில் மெமரி விற்ற தன் குருஷியல் பிராண்டிலிருந்து விலகுவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதால், கணினிகளுக்கான டிடிஆர்5 மெமரியின் விலை அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் தாறுமாறாக ஏறியது. இப்படிப்பட்ட காலத்தில் "அடுத்த சேலுக்குக் காத்திருந்தால் குறையும்" என்ற பழைய கணக்கு பொய்க்கலாம். மெமரி விலை ஏறுமுகத்தில் இருந்தால், தேவை இருக்கிறவர் நியாயமான விலை வந்ததும் வாங்கிவிடுவதே சரி. விலை நிலையாக இருக்கும் காலத்தில்தான் காத்திருப்பதில் லாபம்.

'8 ஜிபி வாங்கிவிட்டு, பிறகு சென்னை ரிச்சி தெருவில் இன்னொரு 8 ஜிபி போட்டுக்கொள்ளலாம்' என்ற யோசனைக்கும் இது பொருந்தும். பல ஆண்டுகள் அது நல்ல யோசனையாகவே இருந்தது. இப்போது இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, அந்த மாடலில் மெமரி போட ஸ்லாட் இருக்கிறதா, இல்லை போர்டிலேயே பற்றவைத்திருக்கிறதா என்பது. மற்றது, தனியாக வாங்கும் மெமரியின் இன்றைய விலையைச் சேர்த்தால் 16 ஜிபி மாடலின் விலையையே தாண்டுகிறதா என்பது.

இனி விலைப் பக்கத்தை நிதானமாகப் படித்துப் பார்க்கலாம். கற்பனையாக ஒரு லேப்டாப். அடித்துக் காட்டிய எம்ஆர்பி 78,990 ரூபாய், அதன் கீழே விற்பனை விலை 52,990, பக்கத்தில் '33% தள்ளுபடி' என்று பெரிய எழுத்து. அதற்கும் கீழே, டிக் செய்தால்தான் கிடைக்கும் 1,000 ரூபாய் கூப்பன். அடுத்து, குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டுக்கு 10% உடனடித் தள்ளுபடி. அதைத் தொட்டுத் திறந்தால்தான் 'அதிகபட்சம் 1,500 ரூபாய்' என்ற வரி கண்ணில் படும். பிறகு 'எக்ஸ்சேஞ்சில் 8,000 ரூபாய் வரை'. பழைய போனின் மாடலைப் போட்டதும் அந்த 8,000 சில நூறுகளாகச் சுருங்கிவிடலாம். கடைசிப் பக்கத்தில் 99 ரூபாய் ஏதோ ஒரு கட்டணம். ஆக, அந்த வங்கியின் கார்டு உள்ளவருக்கு இதன் விலை 50,589 ரூபாய். கார்டு இல்லாதவருக்கு 52,089. இந்த இரண்டு எண்களைத் தவிர அந்தப் பக்கத்தில் இருக்கும் எதுவும் வாங்குபவர் பையிலிருந்து போகும் பணத்தைச் சொல்லவில்லை.

முக்கியமாக அந்த 33 சதவீதத்தை மறந்துவிட வேண்டும். எம்ஆர்பி என்பது தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ அச்சிடும் உச்சவரம்பு. அதற்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அந்த உச்சவரம்பு நியாயமான உயரத்தில் இருக்க வேண்டும் என்று லேப்டாப்புக்கு எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆண்டு முழுக்க யாருமே கொடுக்காத விலையை மேலே எழுதி அதிலிருந்து கழித்துக் காட்டினால் தள்ளுபடி பெரிதாகத்தான் தெரியும். 2014 அக்டோபர் 6 அன்று பிளிப்கார்ட் தன் முதல் 'பிக் பில்லியன் டே' விற்பனையை நடத்தியபோது, தளம் திணறியதோடு, விலையை ஏற்றிவிட்டுக் குறைத்துக் காட்டினார்கள் என்ற குற்றச்சாட்டும் பரவலாக எழுந்தது. நிறுவனர்கள் மறுநாளே வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினார்கள். அன்றைக்குப் பலர் கோபப்பட முடிந்ததற்குக் காரணம், முந்தைய நாட்களின் விலை அவர்களுக்கு நினைவிருந்தது. தள்ளுபடி உண்மையா என்று அளக்க, அதே பொருளின் போன வார விலை, போன மாத விலை வேண்டும்.

அதனால் இந்த நூல் சொல்லும் வேலை மிகச் சாதாரணமானது. ஒரு நோட்டு போட வேண்டும். தேதி, தளம், மாடல் எண், செல்லர், கார்டு தள்ளுபடி போகக் கடைசி விலை என்று ஐந்து கட்டம். மூன்று நான்கு வாரம், இரண்டு நாளுக்கு ஒருமுறை எழுதினால் போதும். கீபா, பை-ஹட்கே போன்ற விலை வரலாறு காட்டும் கருவிகள் பழைய மாதங்களின் வரைபடத்தையும் தரும். ஆனால் அவை பெரும்பாலும் கூப்பனையும் வங்கித் தள்ளுபடியையும் கணக்கில் எடுப்பதில்லை. கடைசி விலை சொந்த நோட்டில்தான் கிடைக்கும். நான்கு வாரம் எழுதிப் பார்த்த குடும்பத்துக்கு, எது வழக்கமான விலை, எது நிஜமான இறக்கம் என்பது தானாகப் பிடிபடும். 'இந்த விலைக்கு வந்தால் வாங்குவோம்' என்று ஒரு எண்ணை எழுதி அடிக்கோடிட்டு வைத்துவிட்டால், நள்ளிரவு சேலில் ஓடும் கடிகாரம் யாரையும் விரட்ட முடியாது.

நோட்டில் மாடல் எண்ணை முழுசாக எழுத வேண்டும் என்பதற்கு அழுத்தமான காரணம் உண்டு. 'ரைசன் 5, 16 ஜிபி, 512 ஜிபி' என்று மட்டும் குறித்தால் இரண்டு வேறு பொருட்களை ஒன்றாக நினைத்து ஒப்பிட்டு ஏமாற நேரும். ஏஎம்டியின் ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம். பெயரில் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். அந்த 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம் எந்தத் தலைமுறைக் கட்டமைப்பு என்பதைக் குறிக்கிறது. 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. 7520யுவில் நான்கு கோர், 7530யுவில் ஆறு கோர். இரண்டுக்கும் நடுவே நான்காயிரம் ரூபாய் வித்தியாசம் தெரிந்தால், மலிவானது தள்ளுபடியில் கிடைக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. அது வேறு லேப்டாப். இன்டெலிலும் இதே கதைதான். பெயரின் கடைசியில் வரும் யு மின்சாரத்தைச் சேமிக்கும் வகை, எச் கூடுதல் வேகம் கொண்ட வகை. பொறியியல் பிள்ளைகள் கனமான வடிவமைப்பு மென்பொருளை ஓட்டப் போகிறார்கள் என்றால் இந்த ஓரெழுத்துக்கே சில ஆயிரம் கொடுக்கலாம். தட்டச்சும் இணைய வகுப்பும் மட்டும் என்றால் யு போதும், பேட்டரியும் அதிக நேரம் நிற்கும்.

திரையிலும் இப்படியே. '15.6 இன்ச் முழு எச்டி' என்று இரண்டிலும் எழுதியிருக்கும். ஒன்று 45% என்டிஎஸ்சி நிற வரம்பு கொண்ட வெளிறிய திரையாகவும் இன்னொன்று 100% எஸ்ஆர்ஜிபி திரையாகவும் இருக்கலாம். போதாக்குறைக்கு, ஒரே லேப்டாப்பைத் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு விற்பனை வழிக்கும் கடைசி எழுத்துகளை மாற்றி வெளியிடுவதுண்டு. அப்படி வருவதை அப்படியே ஒப்பிட முடியாது. பிராசஸர், மெமரி, எஸ்எஸ்டி, திரை, பேட்டரியின் வாட்-ஹவர், வாரன்ட்டி ஆண்டுகள் என்று பாகம் பாகமாகப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எந்த நாட்களில் விலை இறங்கும்? ஜனவரியில் குடியரசு தினத்தை ஒட்டி, ஜூலையில் அமேசானின் பிரைம் டே, ஆகஸ்டில் சுதந்திர தினத்தை ஒட்டி, செப்டம்பர் கடைசியிலிருந்து தீபாவளி வரை. 2025இல் இரண்டு பெரிய தளங்களும் செப்டம்பர் 23 அன்று விற்பனையைத் தொடங்கின. அதற்கு முந்தைய நாள் ஜிஎஸ்டி குறைப்பு அமலுக்கு வந்திருந்ததால், லேப்டாப்புக்கும் வரி குறைந்துவிட்டது என்று பலர் நம்பினார்கள். பெரிய டிவி போன்றவற்றுக்குத்தான் 28 சதவீதம் 18 ஆனது. லேப்டாப்புக்கு முன்பும் 18, பின்பும் 18. அரசு அறிவிப்பு வருகிறபோதெல்லாம் செய்தியை முழுசாகப் படிப்பது பணத்தைக் காக்கும். 2023 ஆகஸ்ட் 3 அன்று லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்ற அறிவிப்பு வந்தபோதும் 'இனி கிடைக்காது' என்ற பேச்சு பரவியது. அடுத்த நாளே அவகாசம் கொடுக்கப்பட்டு, கடைசியில் அது இறக்குமதி அனுமதி முறையாக மாறியது. தட்டுப்பாடு வரவில்லை.

கல்லூரி திறக்கும் நேரத்தில் ஆப்பிள், எச்பி, லெனோவா போன்ற நிறுவனங்களின் சொந்தத் தளங்களில் மாணவர் விலை உண்டு. கல்லூரி மின்னஞ்சலோ அடையாள அட்டையோ கேட்பார்கள். பெரிய தளங்களின் விலையோடு இதையும் நோட்டில் ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். அரசுக் கல்லூரியில் சேர்ந்திருப்பவர்கள் வாங்கும் முன்பே கல்லூரி அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது. 2025-26 தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப் என்ற அறிவிப்பு இருந்தது.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்ற சொல்லைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, வட்டி வேறு கட்டணத்தில் ஒளிந்துகொள்கிறது என்று சொல்லி ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளின் பூஜ்ய வட்டித் திட்டங்களுக்குத் தடை போட்டது. இன்று நடப்பது வேறு ஏற்பாடு. வங்கி வாங்கும் வட்டிக்குச் சமமான தொகை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழிக்கப்படுகிறது. 60,000 ரூபாய் லேப்டாப், ஆறு மாதம், ஆண்டுக்கு 15% வட்டி என்று வைத்துக்கொள்வோம். தள்ளுபடி சுமார் 2,540 ரூபாய் போக, 57,460 ரூபாய் கடனாகிறது. மாதம் 10,000 வீதம் கட்டினால் 60,000. இதுவரை சரி. ஆனால் கிரெடிட் கார்டு வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. அது சுமார் 457 ரூபாய். செயலாக்கக் கட்டணம் 199 ரூபாய் என்றால் அதற்கும் வரி சேர்த்து 235. ஆக, 'காஸ்ட்' இல்லாத கடனுக்கு ஏறக்குறைய 690 ரூபாய் செலவு. மொத்தமாகப் பணம் இல்லாத வீட்டுக்கு இது நியாயமான விலைதான், வெளியில் வட்டிக்குக் கடன் வாங்குவதைவிட எத்தனையோ மேல். கையில் பணம் இருப்பவர், முழுத்தொகை செலுத்தினால் கிடைக்கும் தள்ளுபடியையும் இஎம்ஐக்குக் கிடைக்கும் தள்ளுபடியையும் இரண்டு வரியாக எழுதிப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கலாம்.

ஜிஎஸ்டி எண் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு கணக்கு. ஜெராக்ஸ் கடையோ கணக்கு எழுதும் அலுவலகமோ நடத்துகிறவர், ஆர்டர் போடும்போதே தன் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்துத் தொழிலுக்கான பில் வாங்கினால், 60,000 ரூபாயில் அடங்கியிருக்கும் 9,153 ரூபாய் வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ள வழியுண்டு. எந்தச் சேலிலும் கிடைக்காத தள்ளுபடி இது. எல்லாச் செல்லர்களும் அப்படிப் பில் தருவதில்லை, முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடையை மறந்துவிட வேண்டாம். கடைசி விலை எழுதிய நோட்டோடு மின்சார ரயிலேறி, எழும்பூரிலோ பார்க்கிலோ இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனால் பேரம் பேச ஓர் அடித்தளம் இருக்கும். "அண்ணா, ஆன்லைன்ல இதே மாடல் இவ்வளவு வருது, உங்களால எவ்வளவுக்குத் தர முடியும்?" என்று மாடல் எண்ணைக் காட்டிக் கேட்கிறவருக்குப் பல கடைக்காரர்கள் நேராகவே பதில் சொல்கிறார்கள். விலை ஆயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும், தொட்டுப் பார்த்து, திரையின் வெளிச்சம் பார்த்து, கோளாறு என்றால் திரும்பப் போக ஒரு முகவரியோடு வாங்குவதற்கு அந்த ஆயிரம் தகும். பில்லும் இந்திய வாரன்ட்டியும் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வாங்கிய பிறகு விலை இறங்கினால்? வித்தியாசத்தைத் திருப்பித் தரும் வழக்கம் நம் தளங்களில் பொதுவாக இல்லை. பொருள் கிளம்பவில்லை என்றால் ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடலாம். அதற்கு முன் வங்கித் தள்ளுபடியின் நிபந்தனையைப் படிக்க வேண்டும். ஒரு கார்டுக்கு ஒருமுறைதான் என்றால், ரத்து செய்ததும் அது போய்விடக்கூடும். 800 ரூபாய் இறக்கத்தைத் துரத்தி 1,500 ரூபாயை இழக்க நேரும்.

'இன்னும் 2 மட்டுமே உள்ளது', 'சலுகை முடிய 11 நிமிடம்' என்ற பொய் அவசரம், கேட்காமலே கூடையில் சேர்க்கும் காப்பீடு, கடைசிப் பக்கத்தில் மட்டும் முளைக்கும் கட்டணம் ஆகியவற்றை 2023 நவம்பர் 30 அன்று வெளியான நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்கள் தடை செய்கின்றன. மொத்தம் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. பொருள் வந்ததும் பணம் கொடுக்கும் முறைக்குத் தனிக் கட்டணம் வாங்குவதைப் பற்றிய புகார்களை விசாரிப்பதாக 2025 அக்டோபரில் மத்திய நுகர்வோர் விவகார அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். பணம் கட்டும் பக்கத்தில் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படித்துவிட்டு அடுத்த பட்டனை அழுத்துவது ஒரு நிமிட வேலை.

பார்சல் வரும் நாளும் விலையைச் சேர்ந்ததுதான். லேப்டாப்பில் 'திருப்பி எடுத்துக்கொள்வோம்' என்பது அரிதாகி, 'ஏழு நாளுக்குள் மாற்றித் தருவோம்' என்பதே பெருகிவிட்டது. அதற்கும் தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆள் சான்று தர வேண்டியிருக்கலாம். கூடுவாஞ்சேரி அடுக்ககங்களில் இருவரும் வேலைக்குப் போய்விட, வாட்ச்மேன் பார்சலை வாங்கிக்கொள்ள, ஓடிபி போனிலேயே சொல்லப்படுவது வழக்கம். லேப்டாப்புக்கு அது கூடாது. ஆள் இருக்கும் நாளாகப் பார்த்து, 'ஓபன் பாக்ஸ்' முறை இருந்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். "தம்பி, பிரிச்சுப் பாத்துட்டு ஓடிபி சொல்றேன், அஞ்சு நிமிஷம் நில்லுப்பா" என்று பார்சல் கொண்டுவருபவரிடம் சொன்னால், "சரிங்க அக்கா, சீக்கிரம் பாருங்க" என்று அவரும் நிற்பார். பெட்டியின் சீல், பெட்டி மேலும் லேப்டாப்பின் அடியிலும் இருக்கும் சீரியல் எண், திரையில் கீறல், சார்ஜர். பிரிப்பது முழுவதும் வெட்டில்லாத ஒரே வீடியோவாக இருக்கட்டும். அன்றே தயாரிப்பாளரின் தளத்தில் சீரியல் எண்ணைப் போட்டு, வாரன்ட்டி எந்தத் தேதியில் தொடங்கியதாகக் காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஆறு மாதம் முன்பே தொடங்கியிருந்தால், பில்லை அனுப்பித் திருத்தச் சொல்லலாம்.

தவறு நடந்தால் போராட இடம் இருக்கிறது. 2014 டிசம்பரில் ஒடிசாவில் ஒரு சட்ட மாணவர், 23,499 ரூபாய் லேப்டாப்புக்கு 23,309 ரூபாய் தள்ளுபடி என்று அமேசானில் கண்டு, 190 ரூபாய்க்கு ஆர்டர் போட்டார். உறுதியும் வந்தது. சில மணி நேரத்தில் விலையில் கோளாறு என்று ஆர்டர் ரத்தானது. அவர் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார், அங்கே கிடைத்தது போதாது என்று மாநில ஆணையத்துக்கும் போனார். 2021 ஜனவரியில் ஒடிசா மாநில நுகர்வோர் ஆணையம் அவருக்கு இழப்பீடாகவும் தண்டத் தொகையாகவும் 40,000 ரூபாயும், வழக்குச் செலவுக்கு 5,000 ரூபாயும் கொடுக்க உத்தரவிட்டது. லேப்டாப் 190 ரூபாய்க்குக் கிடைக்கவில்லை. ஆனால் அறிவித்த விலையை ஏற்று ஆர்டரை உறுதி செய்துவிட்டு விற்பவர் சும்மா விலகிப் போக முடியாது என்பது பதிவானது. ஆறு ஆண்டு அவர் விடாமல் நின்றதன் பலன் அது.

அப்படிப் போராட நினைப்பவருக்கு வழி இதுதான்: முதலில் தளத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் புகார். 48 மணி நேரத்துக்குள் பெற்றதை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் கூடுவாஞ்சேரிக்காரருக்குச் செங்கல்பட்டு போதும். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. விலைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், ஆர்டர் உறுதியான மின்னஞ்சல், பில், பிரித்த வீடியோ, புகார் எண் ஆகிய ஐந்தையும் ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொண்டு தாக்கல் செய்ய உட்காரலாம்.